சர்க்கரை நோயும் நரம்புப் பாதிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோயில் நரம்பு ஏன் கெடுகிறது? அது ஏன் பாதத்தில் தொடங்குகிறது?

ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் நரம்புச் செல்லின் உள்வேலை கெடுகிறது. நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் தடித்துக் குறுகுகின்றன. இதில் முதலில் தளர்வது நீளமான நரம்பிழைதான். முதுகின் அடிப்பகுதியிலிருந்து கால் பெருவிரல் நுனிவரை ஒரே இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஓடுகிறது. அந்த நுனிக்கு வேண்டியதெல்லாம் முதுகுத்தண்டை ஒட்டி இருக்கும் செல்லிலிருந்துதான் போய்ச் சேர வேண்டும். அதனால் விரல் நுனி, பாதம், கணுக்கால் என்று பாதிப்பு கீழிருந்து மேலாக ஏறுகிறது. மரத்துப்போவது முழங்காலை எட்டும் காலத்தில் கைவிரல் நுனிகளிலும் தொடங்கும். உயரமானவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதலாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

சர்க்கரை மட்டுமே குற்றவாளி அல்ல. உயர் ரத்த அழுத்தம், ரத்தத்தில் கூடுதல் டிரைகிளிசரைடு கொழுப்பு, புகைப்பழக்கம், உடல் பருமன் எல்லாமே இதில் பங்காளிகள்.

ஆரம்பத்தில் எப்படி இருக்கும்?

மெல்லிய நரம்பிழைகள் முதலில் கெட்டால் எரிச்சல், ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது, சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்றவை வரும். போர்வை உரசினாலே தாங்காது. பகலில் வேலை கவனத்தில் மறந்திருக்கும். இரவில் படுத்ததும் உச்சத்துக்கு வரும். தடித்த இழைகள் முதலில் கெட்டால் வலி குறைவு. பஞ்சின் மேல் நடப்பது போலவும், காலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவும் இருக்கும். செருப்பு கழன்றது தெரியாது. இருட்டில் நடந்தால் தள்ளாடும், முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்தால் உடல் சாயும். பலருக்கு இரண்டும் கலந்தே வரும்.

பொதுவான அடையாளங்கள் இரண்டு. ஒன்று, இரண்டு பாதங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். மற்றொன்று, விரலிலிருந்து மேலே போகப்போகக் குறையும்.

சில மாதமாக இருந்த கால் எரிச்சல் தானாகவே நின்றுவிட்டது. குணமாகிவிட்டதா?

அப்படி நம்பிவிடாதீர்கள். எரிச்சலும் குத்தலும் பாதிக்கப்பட்ட நரம்பு இன்னும் செய்தி அனுப்புகிறது என்பதற்கான அடையாளம். அந்த இழை முழுவதும் செயலிழந்தால் செய்தியும் நின்றுபோகும். வலி போனதோடு தொடு உணர்வும் சூடு குளிர் உணர்வும் முன்போல் இருந்தால் அது நல்ல மாற்றம். வலி போய்ப் பாதம் மதமதவென்று ஆகியிருந்தால் நோய் ஒரு படி முற்றியிருக்கிறது.

வலியோடு வருகிறவர்களைவிட வலி இல்லாதவர்களைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். எரிச்சல் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் ஆளை மருத்துவரிடம் கூட்டிப் போய்விடும். மரத்த காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. புண் வந்து, சீழ் பிடித்து, நாற்றம் வந்த பிறகு வீட்டில் வேறு யாராவது கவனித்துச் சொல்லும் நிலை வரும். கால் இழப்பில் முடியும் பல புண்கள் தொடங்கும்போது வலியே இருப்பதில்லை.

எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. அப்படியும் பாதிப்பு இருக்க முடியுமா?

முடியும். பாதத்தில் இந்தப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேர் வரை எந்தத் தொந்தரவும் சொல்வதில்லை. அதனால்தான் அறிகுறிக்குக் காத்திருக்காமல் ஆண்டுக்கு ஒரு முறை பாதச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். 2-ஆம் வகை சர்க்கரை நோயில் நோய் தெரிந்த அன்றே முதல் சோதனை. நோய் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடிப்பதற்குள் சில ஆண்டுகள் ஓடியிருக்கலாம். 1-ஆம் வகையில் நோய் தெரிந்து 5 ஆண்டுகளில் தொடங்கினால் போதும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. கருவி எதுவும் வேண்டாம், இன்னொருவர் வேண்டும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கியதால் இதை இப்ஸ்விச் தொடு சோதனை என்பார்கள்.

காலுறையைக் கழற்றி, காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சோதிப்பவர் முதலில் இரு கால்களையும் தொட்டு எது வலது, எது இடது என்று சொல்லிவிட வேண்டும். பிறகு ஆள்காட்டி விரலின் நுனியால் 6 இடங்களை இந்த வரிசையில் தொட வேண்டும்: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். ஒவ்வொன்றிலும் விரல் நுனியில் மெல்ல 1 முதல் 2 நொடி வைத்து எடுத்தால் போதும். தொட்டது தெரிந்ததும் நீங்கள் ‘வலது’ அல்லது ‘இடது’ என்று சொல்ல வேண்டும். 6-இல் 2 அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் பாத உணர்வு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவரிடம் போங்கள்.

இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் சோதிப்பவரால்தான். ஒவ்வொரு முறையும் ‘தெரியுதா?’ என்று கேட்டால் அந்தக் கேள்வியே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தினாலோ தட்டினாலோ தடவினாலோ ஆழத்தில் இருக்கும் வேறு நரம்புகள் உணர்ந்துவிடும். தெரியவில்லை என்று இரண்டாம் முறை தொடவும் கூடாது; முதல் முறை தெரியாதது தெரியாததுதான். சீரான தாளத்தில் தொட்டாலும் தூங்கிக்கொண்டே சரியாகச் சொல்லிவிடுவார்கள், ஆகவே இடைவெளியை மாற்றி மாற்றித் தொட வேண்டும்.

6-உம் தெரிந்தாலும் ஆண்டுச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஊசியால் குத்தியோ சுடுநீரில் காலை வைத்தோ வீட்டில் சோதிக்கவே வேண்டாம். உணர்வு இல்லாத காலுக்கு அந்தச் சோதனையே புண்ணாக முடியும்.

மருத்துவர் என்னென்ன பார்ப்பார்?

10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையைப் பாதத்தில் செங்குத்தாக வைத்து, அது வளையும்வரை அழுத்துவார். காய்ப்பு இல்லாத இடத்தில்தான் வைக்க வேண்டும். காய்ப்பின் மேல் வைத்தால் நல்ல நரம்புள்ளவருக்கும் தெரியாது. இது தெரியாதவர் காலைக் காக்கும் உணர்வை இழந்துவிட்டார் என்று பொருள். ஆனால் இந்த இழை முற்றிய பாதிப்பைத்தான் காட்டும். அதற்கு முந்தைய நிலையைப் பிடிக்க, நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பார்கள். குத்தல் உணர்வு, சூடு குளிர் உணர்வு, கணுக்கால் அனிச்சைத் துடிப்பு ஆகியவையும் இதோடு சேரும்.

நரம்பு மின்கடத்தல் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. அது தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். மெல்லிய இழைகள் மட்டும் கெட்டவருக்குப் பாதம் திகுதிகுவென்று எரியும்போதும் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றே வரும். அதைக் காட்டி ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று யாராவது சொன்னால், மெல்லிய இழைகளைப் பற்றிக் கேளுங்கள்.

கால் வலி எல்லாம் நரம்புப் பாதிப்புதானா?

இல்லை. இரண்டு போலிகள் உண்டு.

முதலாவது ரத்தக்குழாய் அடைப்பு. குறிப்பிட்ட தூரம் நடந்தால் ஆடுசதை இறுக்கிப் பிடிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். பாதம் குளிர்ந்து, மேல் தூக்கினால் வெளுத்து, தொங்கவிட்டால் சிவக்கும். இரவு வலியின்போது காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் ஆறுதல் கிடைத்தால் அது ரத்தஓட்டக் குறைவின் அடையாளம், அவசரமாகக் காட்ட வேண்டியது. நரம்பு வலி நடந்தால் பெரும்பாலும் அதிகமாகாது, எழுந்து நாலடி நடந்தால் சிலருக்குக் குறையவும் செய்யும். பாதமும் வெதுவெதுப்பாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே காலில் சேர்ந்திருக்கலாம். நரம்பு மரத்திருந்தால் அடைப்பின் வலியும் தெரியாமல் போகும். அதனால் பாத நாடித் துடிப்பைப் பார்க்காத பாதச் சோதனை அரைகுறைச் சோதனைதான்.

இரண்டாவது முதுகெலும்புத் தட்டு நரம்பை அழுத்துவது. இது பெரும்பாலும் ஒரு காலில், இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாகக் கோடு போட்டதுபோல் இறங்கும். இருமினாலும் தும்மினாலும் கூடும்.

ஒரு பக்கம் மட்டும், அல்லது கையில் மட்டும் வந்தால்?

தனி நரம்பு ஒன்று பாதிக்கப்பட்டிருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து, கையை உதறினால் சரியாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகம். நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் தரையில் தட்டினால் முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பைச் சோதிக்க வேண்டும். திடீரென்று ஒரு கண்ணில் இமை தொங்கி, பொருள்கள் இரட்டையாகத் தெரிவதும் உண்டு. சர்க்கரையால் வருவது சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் மூளை ரத்தக்குழாய் வீக்கமும் இதே மாதிரி தொடங்கலாம் என்பதால் அன்றே காட்டிவிடுங்கள்.

அதிகம் அறியப்படாத ஒன்றும் இருக்கிறது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தொடையில் கடும் வலி கிளம்பி, சில வாரங்களில் தொடைச்சதை மெலிந்து, உட்கார்ந்தால் எழ முடியாமல் போகும். உடல் எடையும் குறையும். சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கும்போதும் இது வரலாம். மெதுவாகத்தான் மீளும், பல மாதம் ஆகும்.

தலைசுற்றல், வயிற்றுத் தொல்லை, சிறுநீர்ப் பிரச்சினை இவையும் நரம்பால் வருமா?

வரும். நாம் நினைக்காமலே இயங்கும் உறுப்புகளின் நரம்புகளும் கெடும். இதைத்தான் நோயாளிகள் தனித்தனி மருத்துவர்களிடம் தனித்தனி நோயாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் வீட்டு ரத்த அழுத்தக் கருவியில் இப்படிப் பாருங்கள். 5 நிமிடம் படுத்திருந்து ஓர் அளவு. எழுந்து நின்று 1-ஆம் நிமிடத்தில் ஒன்று, 3-ஆம் நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நாடித்துடிப்பையும் எழுதிவையுங்கள். நரம்பு நன்றாக இருந்தால் அழுத்தம் குறையும்போது துடிப்பு விரைவாகும். கெட்டிருந்தால் அசையாமல் நிற்கும். ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, நீர்ச்சத்துக் குறைவு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும் என்பதால் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஓய்வாக இருக்கும்போதே துடிப்பு 100-க்கு மேல் ஓடுவதும் ஓர் அறிகுறி.

வயிற்று நரம்பு கெட்டால் நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடும், பல மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது செரிக்காமல் வாந்தியாக வரும். இன்சுலின் போடுபவர்களுக்கு இதைக் காட்டிக்கொடுப்பது சர்க்கரை அளவுதான். சாப்பிட்ட உடனே தாழ்ந்து, சில மணி நேரம் கழித்துத் தாறுமாறாக ஏறும். மருந்து உடனே வேலை செய்கிறது, உணவு குடலுக்குத் தாமதமாகத்தான் போகிறது. சர்க்கரைக்கும் எடைக்குறைப்புக்கும் போடும் செமாக்ளூட்டைடு போன்ற ஊசிகளும் வயிற்றை மெதுவாக்கும் என்பதால், அதைப் போட்டுக்கொள்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

சிறுநீர்ப்பை நிறைந்தது தெரியாமல் நெடுநேரம் போகாமலிருப்பது, போனாலும் மிச்சம் தங்குவது, அடிக்கடி கிருமித்தொற்று. இரவில் அவசரமாக வரும் வயிற்றுப்போக்கு. ஆண்களுக்கு விறைப்புக் குறைவு. பாதம் வியர்க்காமல் வறண்டு வெடிப்பது. சாப்பிடும்போது முகத்தில் மட்டும் வியர்த்துக் கொட்டுவது. இவற்றில் எதுவும் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. விறைப்புக் குறைவு இதய ரத்தக்குழாய் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

இதய நரம்பு கெட்டவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். காரணமில்லாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், திடீர்ச் சோர்வு என்றால் ‘வாயு’ என்று உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரை தாழ்வது இப்போதெல்லாம் எனக்குத் தெரிவதில்லை. ஏன்?

70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, படபடப்பு வர வேண்டும். அடிக்கடி தாழ்ந்துகொண்டே இருந்தால் உடல் பழகிப்போய் எச்சரிக்கையை நிறுத்திவிடும். நரம்புப் பாதிப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். நேரே குழப்பமும் மயக்கமும் வரும். வாகனம் ஓட்டும் முன் கட்டாயம் அளந்து பாருங்கள். தாழ்ந்திருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மருந்தளவை மருத்துவர் மாற்றிச் சில வாரங்கள் தாழாமல் பார்த்துக்கொண்டால் எச்சரிக்கை உணர்வு பலருக்கு ஓரளவு திரும்பும்.

சர்க்கரை இருக்கிறது, கால் மரக்கிறது. அப்படியானால் காரணம் சர்க்கரைதானே?

பெரும்பாலும் ஆமாம். ஆனாலும் முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கும், உணவில் விலங்குப் பொருள் இல்லாதவர்களுக்கும் பி12 குறையும். அதன் அறிகுறி சர்க்கரை நரம்பு நோயை அப்படியே ஒத்திருக்கும். ரத்தசோகை இல்லாமலும் வரும். இதில் ஒரு வித்தியாசம், பி12 குறைவைச் சரிசெய்ய முடியும், ஆனால் தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள், பி12 சேர்த்தாலே போதும்.

தைராய்டு குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, மது, காசநோய்க்கான ஐசோநயாசிட், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றையும் விலக்க வேண்டும். கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் ‘நரம்பு மாத்திரை’யையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அதிலுள்ள பி6 அதிக அளவில் நெடுநாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

சர்க்கரையை நன்றாகக் குறைத்த பிறகுதான் எரிச்சல் தொடங்கியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை வேகமாக இறக்கினால் இப்படி நடக்கும். கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 3 மாதத்துக்குள் 2 சதவீதப் புள்ளிக்கு மேல் இறங்கியவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. கூடுதலாக இறங்க இறங்க ஆபத்தும் கூடும். வலி கடுமையாக இருக்கும், ஆனால் பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தணியும். மருந்தை நிறுத்திச் சர்க்கரையை மறுபடி ஏற்றுவது தீர்வல்ல. கண் விழித்திரையும் இந்தச் சமயத்தில் மோசமாகலாம் என்பதால் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடத் தொட்டால் சூடாக இருந்தால். வலி இல்லாவிட்டாலும் சரி, சொல்லப்போனால் வலி இல்லாவிட்டால்தான் சந்தேகம் வலுக்க வேண்டும். மரத்த பாதத்தில் எலும்புகள் தெரியாமலே நொறுங்கி மூட்டுகள் குலையும் சார்க்கோ பாதம் இப்படித்தான் தொடங்கும். இரு பாதங்களின் வெப்ப வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கலாம். கிருமித்தொற்று, யூரிக் அமில வாதம், ரத்தக்கட்டி என்று தவறாக எடுத்துக்கொள்ளப்படுவதும் அதிகம். அந்தக் காலை ஊன்றவே கூடாது; நடந்துகொண்டே இருந்தால் பாதத்தின் வளைவு சரிந்து அடிப்பாகம் படகுபோல் ஆகிவிடும்.

திறந்த புண், கருத்த விரல், சீழ், காய்ச்சலோடு கால் சிவப்பு ஆகியவையும் அன்றே பார்க்க வேண்டியவை. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு பக்கக் கைகால் திடீரென்று தளர்வது பக்கவாதமாக இருக்கலாம். இரு கால்களின் பலவீனம் சில நாட்களில் மளமளவென்று மேலேறினாலும், உட்காரும் பகுதி மரத்துச் சிறுநீர் அடைத்தாலும் அது சர்க்கரை நரம்பு நோய் அல்ல, வேறு அவசரம்.

உணர்வு குறைந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அன்றாடம் என்ன செய்ய வேண்டும்?

கால் செய்யாத வேலையைக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் பாதத்தின் அடி, குதிகால், விரலிடுக்கு மூன்றையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வையுங்கள். பார்வை மங்கியவருக்கு வேறொருவர் பார்க்க வேண்டும். காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அதன் அடியில் புண் உருவாகிக்கொண்டிருக்கிறது. காய்ப்பை நீங்களே பிளேடால் சீவக்கூடாது. அமிலம் கலந்த ஆணிக்கால் பட்டை ஒட்டவும் கூடாது.

கால் கழுவும் தண்ணீர் 37 டிகிரிக்கு மேல் வேண்டாம், முழங்கையால் தொட்டுப் பாருங்கள். வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட், நெருப்புக்கு அருகே காலைக் காட்டுவது எதுவும் கூடாது. ஈரத்தை விரலிடுக்கில் ஒற்றி எடுங்கள். மாய்ஸ்சரைசர் க்ரீம் பாதத்தில் தடவுங்கள், இடுக்கில் வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு அவசியம். ஷூவைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது ஷூ வாங்குங்கள், உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். மரத்த கால் இறுக்கமான ஷூவைத்தான் ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லும், அதை நம்பாதீர்கள்.

மாத்திரை எடுத்தால் மரத்துப்போனது சரியாகுமா? நரம்பு மீளுமா?

டுலோக்ஸெட்டின், பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை வலியைக் குறைப்பவை. மரத்துப்போனதை மாற்றாது, நரம்பைச் சீர்செய்யாது. குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவார்கள், பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன். பிரிகாபலின், காபாபென்டின் இரண்டும் கால் வீக்கமும் தலைசுற்றலும் தரலாம், சிறுநீரகம் தளர்ந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இதயத்துடிப்புக் கோளாறு, புராஸ்டேட் வீக்கம், ஒரு வகை கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின் சரிவராது. எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

போன நரம்பு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. மேலும் கெடாமல் தடுக்கலாம். 1993-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 1-ஆம் வகை நோயாளிகளுக்குச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியதால் நரம்புப் பாதிப்பு வருவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. 2-ஆம் வகையில் பலன் அந்த அளவு இல்லை; அங்கே எடை, ரத்த அழுத்தம், நடை, புகையை விடுவது எல்லாம் சேர்ந்தால்தான் பயன்.

மருத்துவரிடம் எப்படிச் சொன்னால் சீக்கிரம் புரியும்?

‘கால் ஒரு மாதிரி இருக்கிறது’ என்பதற்குப் பதில் ஐந்து விவரம் சொல்லுங்கள். எந்த விரலில் தொடங்கி இப்போது எதுவரை ஏறியிருக்கிறது, இரண்டு காலிலுமா, எரிச்சலா, குத்தலா, மதமதப்பா, இரவிலா, நடக்கும்போதா, எத்தனை மாதமாக. மரத்த பகுதியின் எல்லையைப் பேனாவால் காலிலேயே கோடு போட்டுப் படம் எடுத்துவைத்தால் அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மெட்ஃபார்மின் எத்தனை ஆண்டுகளாக எடுக்கிறீர்கள், கடைசியாக பி12 எப்போது பார்த்தீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும் காலுறையைக் கழற்றி உட்காருங்கள். கழற்றாத காலை யாரும் சோதிப்பதில்லை.